பதிவேட்டின்படி பதினொன்று

ஜூன் 13, திங்கள்

புது ஆணையர் முதல் கூட்டத்தை நடத்தினார். பெயர் நித்திலா. சேலத்துப் பக்கம். முப்பத்திரண்டு வயது இருக்கும். தனக்கு டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் எங்களுக்கும் டீ இல்லை. முப்பத்தைந்து வருட சர்வீசில் டீ இல்லாத கூட்டம் எனக்கு இதுதான் முதல். நகராட்சி மேலாளர் என்ற முறையில் நானாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

பேச்செல்லாம் மேற்குப் பகுதித் தண்ணீர் பற்றித்தான். அங்கே ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிறது. குழாய்களுக்கு என் வயது. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பது இரண்டு ஊழியர்களுக்குத்தான் தெரியும், அதில் ஒருவர் போன வருடம் இறந்துவிட்டார். எல்லாவற்றையும் மாற்றி, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்கிறார் ஆணையர். சும்மா கிடக்கிற நகராட்சிச் சொத்தை விற்று, வந்த பணத்தை இப்படி ஒரு சேவையைத் திருத்துவதற்கு ஒரே தடவை செலவழித்துக்கொள்ள மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி வந்திருக்கிறார். அதிலிருந்து சம்பளம் போடவோ கரண்ட் பில் கட்டவோ கூடாது.

பட்டியலில் இரண்டு சொத்துகள். ஒன்று பைபாசில் உள்ள பழைய லாரிக் கொட்டகை. இன்னொன்று தேரடிக்குப் பின்னால் உள்ள சமுதாயக் கூடம்.

"கொட்டகையை மட்டும் வித்தா பாதித் தெருவுக்குத்தான் குழாய் மாத்த முடியும், சார். கூடத்தையும் வித்தா முழுசா முடிச்சிடலாம். ஆனா ஜனங்க அதைப் பயன்படுத்தறாங்கன்னா நான் பாதியோட நிறுத்திக்கறேன். வருஷத்துக்கு ஐம்பது விசேஷம் நடந்தாலே போதும், அந்தப் பக்கம் போகமாட்டேன். நீங்க நேர்ல பார்த்துட்டு அறிக்கை குடுங்க" என்றார்.

என்னிடம் இப்படி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 14, செவ்வாய்

மிக்ஸி மறுபடி புகைகிறது. ரிப்பேர்க்காரன் போன தடவை எதை மாற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஜூன் 17, வெள்ளி

கூடத்துக்குப் போனேன். மாசானம் கேட்டைத் திறந்தார். இருபத்தாறு வருடமாக அவர்தான் அங்கே காவலர். துப்புரவும் அவர்தான், பியூஸ் போனால் எலக்ட்ரீசியனும் அவர்தான். எனக்கு ஒரு மாதம் முன்னால் ஓய்வு பெறப்போகிறவர்.

"வெயில்ல வந்திருக்கியளே சார். சொல்லிவிட்டிருந்தா நான் வந்திருப்பம்லா" என்றார்.

விசேஷப் பதிவேட்டைக் கேட்டேன். போன வருடத்துக்கு மொத்தம் பதினொன்று. அதில் மூன்று எங்கள் ஆபீஸ் கூட்டங்கள்.

கேட்டில் வாழைமரம் கட்டிய இடத்தில் மட்டை இன்னும் வாடாமல் கிடந்தது. சமையல் கொட்டகைக்கு வெளியே அடுப்புச் சாம்பல் சூடாக இருந்தது. நான் அதைப் பார்த்ததை மாசானம் பார்த்தார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விதிப்படி கூடம் வேண்டுமென்றால் பதினைந்து நாள் முன்னால் மனு, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முன்பணம் எல்லாம் வேண்டும். பூக் கட்டுகிறவளும் மூட்டை தூக்குகிறவனும் இதற்கெல்லாம் எங்கே போவார்கள். மாசானத்தின் முன்னால் வெற்றிலை பாக்கு வைப்பார்கள். அவர் சாவியைக் கொடுப்பார். ஒரு பைசா தொடமாட்டார். விசேஷம் முடிந்ததும் கூடத்துக்கென்று ஒரு பாத்திரத்தைப் பெயர் வெட்டி விட்டுவிட்டுப் போக வேண்டும், அதுதான் வழக்கம். அடுத்து வருகிற வீட்டார் அதில் சமைப்பார்கள். இதில் ஒரு வரிகூடப் பதிவேட்டில் ஏறாது. ஏறினால் தணிக்கையில் ரசீது கேட்பார்கள். வாடகை வாங்காமல் திறந்துவிட்ட குற்றத்துக்கு மாசானத்தின் வேலையும் பென்ஷனும் போகும்.

சமையல் கொட்டகைக்குள் பாத்திரங்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்கும் அந்தக் கூடம் தெரியும். ஒருமுறை போயிருக்கிறேன்.

ஜூன் 20, திங்கள்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. மகள் கோமதி போன் செய்தாளாம். நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று அவள் அம்மா பூரணம் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, வியாழன்

அறிக்கை கொடுத்தாயிற்று. "பதிவேட்டின்படி மேற்படி கூடத்தில் சென்ற ஆண்டில் 11 நிகழ்ச்சிகள் மட்டுமே நடைபெற்றுள்ளன." இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யாரும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆணையர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பதிவேட்டுல இல்லாம ஏதாவது நடக்குதா சார்? உங்களுக்கு ஊர் தெரியும், எனக்குத் தெரியாது."

"பதிவேடுதான் மேடம் நமக்கு" என்றேன்.

"சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

மாசானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதனின் கதி என்ன. வீட்டுக்கு வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். பாதி முற்றல்.

ஜூன் 30, வியாழன்

மன்றக் கூட்டம். முப்பத்தெட்டுப் பொருள்கள், பன்னிரண்டு நிமிடம். கிளார்க் எண்ணை மட்டும் வாசிக்க, உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். கூடத்தின் விற்பனை இருபத்தாறாவது. அது வரும்போது முந்திரி பக்கோடா தட்டும் வந்துவிட்டது. மன்றக் கூட்டத்துக்கு மட்டும் டீ உண்டு.

ஜூலை 6, புதன்

பேப்பரில் அறிவிப்பு வந்துவிட்டது. ஆட்சேபனை உள்ளவர்கள் 21ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஐம்பது விசேஷத்துக்கு மேல் நடந்ததாக யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும், விசாரணை போட்டு விற்பனையை நிறுத்திவிடுவதாக ஆணையர் மறுபடியும் சொன்னார். நல்ல பெண். இந்த ஆபீசில் எத்தனை நாள் இப்படி இருப்பார் என்று தெரியவில்லை.

ஜூலை 12, செவ்வாய்

பூரணம் பேப்பரைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சோற்றில் கை வைத்திருந்தேன்.

"மக கழுத்துல தாலி ஏறின எடத்த நீங்களே விக்கிதியளே."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"கேக்கேம்லா. வேற எடம் இல்லையா ஊர்ல?"

"நான் விக்கல. நகராட்சி விக்கிது."

"ஆமா, நகராட்சி யாரோ, நீங்க யாரோ" என்று எழுந்து போனாள்.

எழுதித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. போன ஆவணியில் கோமதியின் கல்யாணம் அங்கேதான் நடந்தது. பையன் பெயர் பிரபாகர். நம் ஆட்கள் இல்லை. இரண்டு வருடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஊருக்குத் தெரியாமல் முடித்துவிடுவோம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். காலை ஐந்தே காலுக்கு முகூர்த்தம். பதினான்கு பேர். மேளம் கிடையாது. ஏழு மணிக்குள் கூடத்தைப் பூட்டியாகிவிட்டது. மற்றவர்கள் கையில் பணமில்லாததால் பதிவேட்டில் எழுதாமல் நடத்துகிறார்கள். எழுத வேண்டாம் என்று மாசானத்தின் கையைப் பிடித்துக் கேட்டவன் நான் ஒருவன்தான். ஆபீசில் இன்றுவரை கோமதி ஓசூரில் வேலை பார்க்கிறாள், அவ்வளவுதான். என் அண்ணன் வீட்டுக்கும் அவ்வளவுதான்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறிக்கை அறிக்கைதான்.

ஜூலை 15, வெள்ளி

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் சண்முகத்தாயிடம் பூ வாங்கினேன். மூத்தவள் கல்யாணம் அந்தக் கூடத்தில்தான் நடந்தது. இளையவளுக்கு ஆவணியில் நாள் குறித்திருக்கிறாள். அதுவும் அங்கேதான் என்று இருந்தவள். அவள் தெருவில் நாற்பது வீடாவது அங்கே விசேஷம் வைத்திருக்கும். இதுவரை ஒரு மனுகூட வரவில்லையே என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பேச்சுவாக்கில் என்று சொல்லிக்கொள்கிறேன். அதைக் கேட்கத்தான் அவளிடம் பூ வாங்கினேன்.

"எப்படி சார் எழுத? நாங்க அங்க நடத்தினோம்னு எழுதினா, ரசீது எங்கன்னு மாசானத்தையில்லா கேப்பாவ. வேல போயிரும்லா அந்த மனுசனுக்கு" என்றாள். கை நார் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெருவுல கூடிப் பேசியாச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கிறதில்லன்னு முடிவு. போற மண்டபம் போவட்டும், அவர் நல்லா இருக்கட்டும்."

"உன் மக கல்யாணம்?"

"தெருவ அடைச்சுப் பந்தல் போட்டுக்கிட வேண்டியதுதான். மழ வராம இருந்தாச் சரி."

ஒரு முழம் கேட்டிருந்தேன், ஒன்றரை முழம் அளந்து கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றேன். பூரணம் அந்தப் பூவை வைத்துக்கொள்ளவில்லை, சாமி படத்துக்குப் போட்டாள்.

ஜூலை 19, செவ்வாய்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாசானம் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையில் முழு வெள்ளைத் தாள் இரண்டு.

"ஒரு மனு எழுதணும் சார். நமக்குக் கையெழுத்து போடத்தான் வரும். நீங்க எழுதினா வெளங்கும்."

"என்ன மனு?"

"ஆச்சேபன மனுதான். மண்டபத்த விக்கப்பிடாதுன்னு."

அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். போன வருடம் நடந்த ஒவ்வொன்றும் மாதம், கிழமையோடு அவர் தலைக்குள் இருந்தது. கல்யாணம் முப்பத்தொன்று, சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து, பதினாறாம் நாள். துணி வெளுக்கிற இசக்கியின் மகளுக்கு இரண்டாம் கல்யாணம். பெயர் சொல்லும்போதெல்லாம் அந்த வீட்டார் என்ன பாத்திரம் விட்டார்கள் என்பதையும் சொன்னார். பதிவேட்டில் எழுதாதது தன் குற்றம், தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், கூடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கடைசியில் எழுதச் சொன்னார்.

"மாசானம், இன்னும் ஒம்பது மாசந்தான் இருக்கு உமக்கு. பென்ஷன் போயிரும்யா" என்றேன்.

"தெரியும் சார். வீட்லயும் சொல்லிட்டேன். அழுதா. பொறவு, போயி எழுதிக்குடுத்துட்டு வாங்கன்னுட்டா. அத்தன பேரும் எனக்காவ வாய மூடிட்டு இருக்காவ. தெருவுல போவ முடியல சார். தல குனிஞ்சே போவேண்டியிருக்கு."

எண்ணிப் பார்த்தேன். எழுபத்துமூன்று வந்தது.

"எழுவத்துநாலு சார்" என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "நம்ம பாப்பா விசேஷத்த நான் சொல்லல. அது நம்மளோட இருக்கட்டும்" என்றார்.

பூரணம் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். அவர் நின்றுகொண்டே குடித்தார். கையெழுத்தைப் போட்டு, தாளை மடிக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"நீங்களே ஆபீசு தபால்ல சேத்திருங்க. நான் கொண்டுபோய்க் குடுத்தா கிளார்க்கு ஆயிரம் கேப்பாரு."

நாளை சேர்க்க வேண்டும்.

ஜூலை 20, புதன்

தபால் பிரிவில் ஒரே கூட்டம். வரி ரசீதுக்கு வந்தவர்கள்.

விசாரணை என்று வந்தால் எழுபத்துமூன்றோடு நிற்காது. சமையல் கொட்டகையைத் திறந்து பாத்திரம் பாத்திரமாகப் பெயர் வாசிப்பார்கள். பூரணம் அன்றைக்கு ஒரு பித்தளைக் குத்துச்சட்டி வாங்கி வந்திருந்தாள். பெயர் வெட்டியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. வெட்டியிருப்பாள்.

ஜூலை 21, வியாழன்

தூறல். குடையை ஆபீசில் மறந்து வைத்துவிட்டேன். ஆட்சேபனை ஏதும் வரப்பெறவில்லை என்று குறிப்பு எழுதி ஆணையர் மேஜையில் வைத்தேன்.

ஜூலை 24, ஞாயிறு

பூரணம் சமைக்கிறாள், வைக்கிறாள், போகிறாள். மனுவைச் சேர்த்தாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன்.

ஆகஸ்ட் 10, புதன்

ஏலம் முடிந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விலை. மதுரை ஜவுளிக்காரர் கிடங்கு கட்ட எடுத்திருக்கிறார். மேற்குப் பகுதி முழுவதற்கும் குழாய் மாற்றலாம் என்று ஆணையர் முகமெல்லாம் சிரிப்பு. எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

மனு என்ன ஆச்சு என்று மாசானம் கேட்டார். "மேல பாத்துட்டு ஏத்துக்கிடல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன், இங்கேயாவது இருக்கட்டும்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

இடிப்பதற்கு முன் கூடத்திலிருந்த பொருள்களைக் கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார்கள். நானே போனேன். வேறு யாரையும் அனுப்ப எனக்கு மனமில்லை, காரணம் தெரிந்ததுதான்.

நாளெல்லாம் ஆயிற்று. அண்டா, தேக்சா, கரண்டி, தூக்குப்போணி, அரிக்கிற சிப்பல். எல்லாவற்றிலும் பெயர், பலவற்றில் தேதியும். "பேச்சியம்மாள் மகள் சடங்கு உபயம்." "மூட்டை தூக்கும் ஆறுமுகநயினார், பேரன் காதுகுத்து." ஒரு சின்ன அலுமினிய டம்ளரில் ஆணியால் கீறி "கருப்பாயி" என்று மட்டும் இருந்தது. அது என்ன விசேஷம் என்று மாசானத்திடம் கேட்டேன். "புருசனுக்குப் பதினாறு. அவகிட்ட அதான் இருந்துச்சு" என்றார்.

நாலு மணிக்கு அது வந்தது. பித்தளைக் குத்துச்சட்டி. "கோமதி பிரபாகர்", தேதியோடு. பூரணம் நன்றாகத்தான் வெட்ட வைத்திருக்கிறாள். எழுத்தெல்லாம் ஒரே அளவு. மாசானம் அந்தப் பக்கம் திரும்பி எதையோ நகர்த்திக்கொண்டிருந்தார். நான் அதைச் சாக்கின் அடியில் போட்டு மேலே நாலு அண்டா மூடிகளை வைத்தேன். வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கலாம். அப்படி எடுத்துப்போனால் அது என்னுடையது என்று ஆகிவிடும் என்று தோன்றியது.

ஆணையர் ஐந்து மணிக்கு வந்து பார்த்தார். "பதினோரு விசேஷத்துக்கு இவ்வளவு பாத்திரமா சார்?"

"பல வருஷமாச் சேந்தது மேடம். பழைய சாமான்."

"ஓ" என்றார். தேதியைப் பார்க்க ஒரு தூக்குப்போணியைக் கையில் எடுத்திருந்தால் போதும். அவருக்குப் போன் வந்துவிட்டது, பேசிக்கொண்டே காருக்குப் போனார். எல்லாம் எடைக்குப் போயிற்று.

செப்டம்பர் 8, வியாழன்

சண்முகத்தாயின் இளைய மகள் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல். ஆபீஸ் போகும் வழி என்பதால் எட்டிப் பார்த்தேன். சாக்கடை ஓரம் பலகை போட்டுப் பந்தி. இரண்டாம் பந்தி நடக்கும்போது தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடிக்க, சாப்பிடுகிறவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து சுவர் ஓரம் நின்றார்கள். பெண்ணை யாரோ ஒரு வீட்டுக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். வெயிலில் அவள் முகத்து மஞ்சள் வழிந்திருந்தது. மாசானம் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்று சண்முகத்தாய் கையைப் பிடித்தாள். ஆபீசுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன். நேரமெல்லாம் ஆகவில்லை.

அக்டோபர் 3, திங்கள்

மாசானத்தைக் குப்பை கொட்டும் உரக்கிடங்குக்குக் காவலராகப் போட்டு உத்தரவு. ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். சைக்கிளில் போகிறார். உத்தரவில் கையெழுத்து ஆணையருடையது, தயாரித்தது நான். வேறு காலியிடம் இல்லை.

டிசம்பர் 16, வெள்ளி

குழாய் வேலை மேட்டுத்தெரு வரை வந்துவிட்டது. பூரணம் ஓசூர் போய்விட்டாள். கோமதிக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறதாம். வளைகாப்பை அங்கேயே ஒரு மொட்டை மாடியில் வைத்துக்கொள்கிறார்களாம். என்னை யாரும் கூப்பிடவில்லை என்று எழுத நினைத்தேன். கூப்பிட்டார்கள்.

இரண்டு நாளாக ரசம், அப்பளம்.

பிப்ரவரி 20, திங்கள்

மேற்குப் பகுதிக்குப் புதுக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். நானும் போயிருந்தேன். மேட்டுத்தெருவில் ஒரு அம்மாள் குழாயடியில் நின்று, குடம் நிரம்பி வழிந்த பிறகும் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மூன்று நாளைக்கு ஒருமுறை என்று சொன்னபோது, "வேலய விட்டுட்டுக் காத்துக் கெடக்க வேண்டாமே" என்றாள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று இப்போது சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள். யார் செத்தாலும் தண்ணீர் வரும்.

இது நல்ல காரியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலாயிரம் வீடு. ஒரு கூடம் போனதற்கு நாலாயிரம் வீட்டுக்குத் தண்ணீர் என்று வருகிற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் ஆணையர், அவர் கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் போட்டிருப்பார். பாதியோடு நிறுத்தியிருப்பாரோ, வேறு வழி தேடியிருப்பாரோ. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவரை நான் விடவில்லை.

மார்ச் 3, வெள்ளி

பேத்தி பிறந்திருக்கிறாள். இரண்டரைக் கிலோ. போனில் பூரணம் சொன்னாள். ஆபீசில் யாருக்கும் மிட்டாய் கொடுக்க முடியவில்லை. வாங்கிய அரைக் கிலோ லட்டை நானே தினம் ஒன்றாகத் தின்கிறேன்.

ஏப்ரல் 12, புதன்

ஆணையருக்கு மாற்றல். வழியனுப்பு விழாவில் பேசும்போது, ஒரு ஊரை மாற்ற வேண்டுமென்றால் உள்ளதை உள்ளபடி சொல்லுகிற ஊழியர்கள் வேண்டும் என்று சொல்லி என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

அவர் காரில் ஏறும்போது பக்கத்தில் யாருமில்லை. மேடம், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். "சொல்லுங்க சார்" என்றார். பயணம் நல்லபடியாக அமையட்டும் என்றேன்.

மே 14, ஞாயிறு

என் ஓய்வுக்குப் பதினேழு நாள் இருக்கிறது. மாசானம் போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டார். பென்ஷன் உத்தரவு ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது. இன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். மூன்று நாளாக எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். மனுவைச் சேர்க்கவில்லை, என் மகள் கல்யாணம் வெளியே வந்துவிடும் என்று பயந்து சேர்க்கவில்லை, இந்த இரண்டு வாக்கியம் போதும். மேற்கொண்டு அவர் திட்டினால் கேட்டுக்கொள்வது.

வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார். உரக்கிடங்குக்கு சைக்கிள் மிதித்ததில் மெலிந்திருந்தார். முழங்காலில் கட்டு. அவர் மனைவி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"மாசானம், அந்த மனு" என்று தொடங்கினேன். "அதை நான்..."

"தெரியும் சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க சேக்கலன்னு தெரியும். மேல ஏத்துக்கிடலன்னு நீங்க சொன்னியள்லா, அதுக்கு மறாநாளே போயித் தபால் கிளார்க்கிட்ட நம்பர் கேட்டேன். அப்படி ஒண்ணும் வரலன்னாரு. அவருகிட்ட ஒண்ணுஞ் சொல்லாம வந்துட்டேன்." மாசானம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு நாளு கோவந்தான் சார் எனக்கு. உங்க மூஞ்சிலயே முழிக்கப்பிடாதுன்னு இருந்தேன். அப்பறந்தான் வெளங்கிச்சு. எம் பென்சன் போயிரக் கூடாதுன்னுதான நீங்க சேக்காம வச்சிட்டிய. மண்டபம் போனாலும் இந்தாளு தெருவுல நிக்கக் கூடாதுன்னு. வேற யாரு சார் இப்படிச் செய்வா?"

நான் அவரைப் பார்த்தேன். கேலி எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஒன்பது மாதமாக அப்படியே நம்பிக்கொண்டு, அந்தக் கிடங்கில் நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அப்படித்தான சார்?"

ஒத்திகை பார்த்த இரண்டு வாக்கியமும் வாயில்தான் இருந்தன. "ஆமா" என்றேன்.

"ஏளா, சொன்னேம்லா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சார் நமக்காவத்தான் செஞ்சிருக்காவன்னு சொன்னேம்லா. இப்ப அவ்வொ வாயாலயே சொல்லிட்டாவ."

அந்த அம்மாள் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து நின்று திருப்பிக் கும்பிட்டேன். டீயைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டு வந்தேன்.